மலைவழி ஜீப்பும் அதன் அரவமும்

வண்டி கொள்ளப் புகுவார் வினவும் வினாக்கள் பெரும்பாலும் ஒரு தன்மையனவே. விலை யாது, ஒரு லிட்டருக்கு எத்துணைக் கிலோமீட்டர் ஓடும், எத்துணைப் பேர் அமரலாம், பின்னர் விற்கப் புகுங்கால் என்ன கிடைக்கும் என்பன அவை. வண்ணம் பற்றி வீட்டில் ஒரு வாரம் வழக்கு நடப்பதும் உண்டு. ஆனால், அவ்வண்டி எவ்வாறு ஒலிக்கும், அவ்வொலியோடு பத்துப் பன்னீராண்டு உடனுறைதல் இயலுமோ என்று வினவுவாரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம். ஆகலின், ஆளும் சரக்கும் ஏற்றி மேடுபள்ளம் பாராது செல்லும் வண்டிகளைத் தெரிந்தெடுக்குமாறும், அவற்றின் எஞ்சின் அரவத்தின் இயல்பும், அவ்வரவத்தோடு வாழுமாறும் பற்றி யாம் அறிந்தன சில ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகுதல் கூடும். அவர்க்கு விடை கட்டுரையின் இடையே வரும்.

இவ்வகை வண்டி எதுவாயினும், போடி, கம்பம் பக்கத்து மக்கள் அதனை ஜீப்பு என்றே வழங்குவர். அப்பெயர்க்குரிய முதல் வண்டி போரிற் பிறந்தது. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறையார் நான்கு சக்கரமும் உந்தும் சிறு வண்டி ஒன்று வேண்டுமென அறிவிக்க, பாண்டம் என்னும் சிறு நிறுவனத்தார் முதல் மாதிரியைச் செய்தளித்தனர். ஆயினும் பேரளவிற் செய்யும் பணி வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களுக்கே சென்றது. போர் முடிவதற்குள் அவை செய்த வண்டிகள் 6 லட்சத்திற்கு மேற்பட்டன. நம் நாட்டில், மகிந்திரா உடன்பிறந்தார் இருவரும் குலாம் முகமது என்பவரும் 1945 இல் தொடங்கிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயிற் பூட்டி விற்கும் தொழிலில் இறங்கிற்று. நாடு பிரிந்தபின் குலாம் முகமது பாக்கிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனத்தின் பெயரில் அவர் பெயர் நின்ற இடத்தில் 1948 இல் இரண்டாவது மகிந்திரா வந்தமர்ந்தது. பின்னர் வந்தன பல. 1985 இல் ஜிப்சி, 1994 இல் சுமோ, 2000 இல் பொலேரோவும் குவாலிசும், 2010 இல் தார் எனப் பெயர்கள் பெருகின. சுமோ என்பது ஜப்பானிய மல்லர் பெயரென்று பலர் கருதுவர். டாட்டா நிறுவனத் தலைவராயிருந்த சுமந்த் மூல்காவ்கரின் பெயர்ச் சுருக்கமே அது. அவ்வண்டி செய்தல் 2019 இல் நின்றுபோயிற்று.

வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது, 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் உடையது. நம் மலைவழி ஜீப்புகளோ பெரும்பாலும் டீசலில் ஓடுவன. காரணம் இரண்டு. 2014 அக்டோபர் வரை அரசினர் டீசல் விலையைத் தாழ்த்திக் கட்டுப்படுத்தி வந்தனர் என்பது ஒன்று. மற்றொன்று எஞ்சினின் இயல்பைப் பற்றியது. டீசல் எஞ்சின் மெல்லச் சுழலும்போதே மிக்க இழுவை தருவது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றம் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குச் செல்வாரை வைகறையில் ஏற்றிச்சென்று மாலையில் இறக்கிக் கொணரும் ஜீப்புகள் இத்தகைய வழிகளிலேயே நாள்தோறும் ஓடுகின்றன. வளைவிலே வேகம் குன்றி, மீண்டும் சுமையோடு எழும்புங்கால் வேண்டப்படுவது அவ்விழுவையே. ஆனால் அவ்விழுவைக்குக் கொடுக்கும் விலையுள் ஒன்று அரவம்.

டீசல் எஞ்சின் கடகடப்பதன் காரணத்தைச் சிறிது விரித்துரைப்பாம். ஜெர்மானியராகிய ருடால்ஃப் டீசல் 1897 இல் செவ்விதின் இயக்கிக் காட்டிய இவ்வெஞ்சினில், எரிபொருளைப் பற்றவைக்கும் பொறி தரும் பிளக்கு இல்லை. காற்று மட்டும் சிலிண்டரினுட் புகுந்து, பிஸ்டனால் பதினைந்து முதல் இருபது மடங்கு வரை சுருக்கப்படும். பெட்ரோல் எஞ்சினிலோ சுருக்கம் பத்து மடங்கின் அயலதே. சுருங்கிய காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறி நிற்க, அதனுள் டீசல் நுண்டுளிகளாகப் பீய்ச்சப்படுகின்றது. பீய்ச்சியவுடன் அது பற்றிக்கொள்வதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றோடு கலந்து தீப்பற்றுதற்கு, ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கு என்னும் அளவினதாகிய சிறு தாமதம் உண்டு. அதற்குள்ளும் இஞ்செக்டர் வாளா இராது மேலும் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். தீப்பற்றுங்கால், சேர்ந்துகிடந்த டீசல் ஒருங்கே எரிய, அழுத்தம் படிப்படியாக உயராது ஒரே தாவாகத் தாவுகின்றது. ஈர விறகு நெடுநேரம் புகைந்து கிடந்து, பின் குப்பெனப் பற்றி அடுப்பருகே இருப்பாரை அஞ்சப் பண்ணுதல் போன்றது இது. அத்தாவல் பிஸ்டனையும் சிலிண்டர்ச் சுவரையும் சம்மட்டியால் அடித்தாற்போல அதிர்விக்கின்றது. யாம் கேட்கும் கடகடப்பு அதுவே. குளிர்ந்த காலையில் எஞ்சின் சுவர் தண்ணென்றிருத்தலின் தாமதம் மிகும். தாமதம் மிகின் அடியும் மிகும். எனவே விடியற்காலையிற் பெரிதாய் அலறும் வண்டி, சூடேறியபின் சற்றே தணிந்து ஒலிப்பது நோயன்று, இயல்பே.

இக்குறையைப் பெரிதும் தணித்தது காமன் ரெயில் என்னும் முறை. சிற்றுந்துகளில் இது 1997 இல் முதன்முதல் வந்தது. டீசல் முழுவதையும் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் நிறைத்து வைத்து, மின்னால் இயங்கும் இஞ்செக்டர் வழியாக வேண்டும்போது வேண்டுமளவு விடுவர். முதலிற் சில மில்லிகிராம் டீசலை மட்டும் பீய்ச்சுவர். அது எரிந்து சிலிண்டரின் உள்ளிடத்தைச் சூடாக்கி வைக்கும். அதன்பின் வரும் பெரும்பகுதி தாமதமின்றி உடனுக்குடன் எரிதலின், அழுத்தம் தாவாது ஏறுகின்றது. பழைய ஜீப்பையும் புதிய ஜீப்பையும் அடுத்தடுத்து நிறுத்தி இயக்கிக் கேட்பார்க்கு, இவ்வேற்றுமை விளங்க வேறு உரை வேண்டா.

சிலிண்டர்களின் எண்ணிக்கையும் கருதத்தக்கது. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை எரியும். மூன்று சிலிண்டர் எஞ்சின் இரு சுற்றுக்கு மும்முறை எரியும். நிமிடத்திற்கு 2400 சுற்றில், முன்னது நொடிக்கு 80 முறையும் பின்னது 60 முறையும் துடிக்கும். வண்டி நின்றபடி 800 சுற்றில் இயங்குங்கால், முன்னதன் துடிப்பு ஏறத்தாழ 27. பின்னதன் துடிப்பு 20. துடிப்பின் எண் குறையக் குறைய, ரப்பர்த் தாங்கிகள் அதனை விழுங்குதல் அரிதாகின்றது. அதனாலேதான் மூன்று சிலிண்டர் வண்டி சிக்னலில் நிற்கும்போது இருக்கையும் கியர்க் கம்பியும் ஓரளவு நடுங்குகின்றன. பொலேரோவின் இக்கால எஞ்சின் 1493 கன சென்டிமீட்டர் கொண்ட மூன்று சிலிண்டர் எஞ்சின். 2020 இல் வந்த தாரின் பெரிய டீசல் எஞ்சின் 2.2 லிட்டரும் நான்கு சிலிண்டரும் உடையது. இதனால் முன்னது தாழ்ந்ததென்பது எம் கருத்தன்று. சிறிய எஞ்சின் எரிபொருள் குறையக் குடிக்கும். பழுதுபார்க்கும் செலவும் சிறிது. வாங்குவோர் அறிந்து வாங்குக என்பதே யாம் வேண்டுவது.

இனி, எஞ்சினிற் பிறந்த அரவம் எம் செவியை அடையும் வழிகள் இரண்டு. காற்று வழி ஒன்று. இரும்பு வழி மற்றொன்று. காற்று வழி வருவதை அடைப்பதும் கனத்தால் தடுப்பதும் செய்யலாம். தகட்டின் கனத்தை இருமடங்காக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது ஒலிநூலார் கணக்கு. ஆனால் ஓட்டை இருப்பின் கனத்தாற் பயனில்லை. தடுப்பின் பரப்பில் நூற்றிலொரு பங்கு திறந்து கிடந்தால், எஞ்சிய பரப்பு எத்துணைக் கனமுடையதாயினும் 20 டெசிபலுக்கு மேல் அடக்க இயலாது. கிளச்சுக் கம்பி நுழையும் துளையில் ரப்பர் விழுந்துபோன வண்டியில் ஆயிரக்கணக்கிற் செலவிட்டுத் தரைவிரிப்பு இடுவார், முதலில் அத்துளையை அடைப்பாராக. இரும்பு வழி வருவது வேறு. எஞ்சினின் துடிப்பு சேசிஸ் சட்டத்திற் பாய்ந்து, அதன்மேல் அமர்ந்த கூட்டின் தகடுகளை முழவின் தோல்போல் அதிரச் செய்யும். இதனைத் தடுப்பது எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கே. 1931 இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனத்தார் எஞ்சினை ரப்பரின்மேல் மிதக்கவிட்டுப் பெரும்பெயர் ஈட்டினர். எளிய ரப்பர்த் துண்டுதானே என்று எண்ணற்க. எண்ணெய் பட்டு ஊறியும், ஆண்டு பல கழிய இறுகியும் போன மவுண்டிங்கை மாற்றிய அளவிலேயே கிழவண்டி இளமை பெறுதலைப் பட்டறைக்காரர் பலரும் அறிவர்.

அரவம் வெறும் தொல்லை மட்டுமாயிருப்பின் யாம் இத்துணை நீள எழுதப் புகுந்திரோம். டெசிபல் என்னும் அளவு ஏணிப்படி போன்றதன்று; 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தார் 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணிநேரமே இருக்கலாம் என்பர். 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரத்தைப் பாதியாக்குவர். அங்ஙனமாயின் 91 டெசிபலுக்கு 2 மணிநேரமே உரியது. கருவியின்றி அறிதற்கும் ஒரு வழி உண்டு. கையெட்டும் தொலைவில் இருப்பாரோடு குரலை உயர்த்தியே பேசவேண்டியிருப்பின், அவ்விடத்து ஒலி 85 ஐ எட்டியிருத்தல் கூடும். படுதாக் கூரையிட்ட பழைய ஜீப்பில் இரண்டாம் கியரில் மேடேறியவர் எவரும், ஆங்கு எவ்வாறு பேசினர் என்பதை நினைந்து பார்க்க. உட்செவியில் உள்ள நுண்மயிர் உயிரணுக்கள் மிக்க ஒலியால் நைந்து மடியும். மடிந்தவை மீண்டும் முளைப்பதில்லை.

எம் சிற்றப்பா அம்மலைவழியில் முப்பதாண்டுகளாக ஜீப்பு ஓட்டி வருபவர். சென்ற ஆண்டு அவர் செவியைச் சோதித்த மருத்துவர் காட்டிய வரைபடத்தில், தாழ்ந்த ஒலிகளுக்குரிய கோடு நேராகச் சென்று, 4000 ஹெர்ட்சு அருகே பள்ளத்தில் விழுந்து கிடந்தது. இரைச்சலாற் கெடும் செவியில் முதலிற் காணும் பள்ளம் அவ்விடத்ததே. முதுமையும் ஓரளவு காரணமாகலாம் என்று மருத்துவர் உரைத்தனர். இதன் பயன் யாதெனின், உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வில் வலிமையுடையனவாதலின் அவர்க்குக் கேட்கின்றன. உயர்ந்த அதிர்வுடைய மெய்யொலிகள் பல நழுவிப் போகின்றன. கடை என்றால் வடை என்றும், பத்து என்றால் பட்டு என்றும் அவர் கொள்வர். வீட்டில் முதலிற் சிரித்தோம். கூலித் தொகை பேசுமிடத்து அது சிரிப்பாயில்லை. செவிக்கருவி வாங்கினோம். அது பேச்சை மட்டுமன்றி எஞ்சினையும் சேர்த்தே பெருக்குதலின், மேடேறுங்கால் அதனைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்கின்றார். இப்பொழுது பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டிய காலம் வந்துற்றது. தேர்ந்து சொல்லும் பொறுப்பில் ஒரு பகுதி எமக்கும் வந்தது.

எனவே யாம் செய்த சோதனையைக் கூறுவாம், வாங்குவார்க்குப் பயன்படலாம். விற்பனைக்கூடத்தில் குளிரூட்டியும் பாட்டும் ஒலிக்க ஓட்டிக் காட்டும் வண்டியில் ஒன்றும் விளங்காது. இரண்டையும் நிறுத்துக. முதலில், இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் இயக்கிக் கேட்க. பிறகு கண்ணாடிகளை ஏற்றி, இயன்ற அளவு ஆள்களை அமர்த்தி, மேட்டில் மூன்றாம் கியரில் ஏறுக. வெற்று வண்டியின் ஒலி வேறு, சுமையேறிய வண்டியின் ஒலி வேறு. அதன்பின் ஆளரவமற்ற சமநிலச் சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, ஆக்சிலேட்டரினின்று காலை எடுத்துக் கேட்க. அரவம் சட்டெனத் தணிந்தால் அது எஞ்சினது. தணியாது தொடர்ந்தால் டயருடையதும் காற்றுடையதும் ஆகும். பெரும்பற்கள் உடைய அகன்ற டயர் சேற்றில் நன்று. தார்ச்சாலையிலோ ஓயாது ஊளையிடும். இறுதியாக, பின்வரிசை இருக்கையிலும் ஒருமுறை அமர்க. ஏனெனில் வாங்குவார் அமர்வது முன்னே. வாழ்நாளெல்லாம் கூலிக்குச் செல்வார் அமர்வது பின்னே.

வாங்கியபின் அரவத்தைச் செவிகொடுத்துக் கேட்கப் பழகவேண்டும். இவ்விடத்துத் தமிழ் மாணவர்க்கு வேலை வருகின்றது. கலி, சும்மை, அழுங்கல், கம்பலை ஆகிய சொற்கள் அரவப் பொருளன என்று தொல்காப்பியம் உரியியலிற் கூறும். புலவர்க்கு அச்சொற்கள் போதும், பட்டறைக்காரர்க்குப் போதா. அவர் கேட்பது இரட்டைக்கிளவி. வண்டி கடகட என்கின்றதா, டக்டக் என்கின்றதா, கிறீச்சிடுகின்றதா, புஸ்புஸ் என்கின்றதா என்பதே அவர் முதல் வினா. பிரித்தாற் பொருள் தராதது இரட்டைக்கிளவி என்று இலக்கண வகுப்பிற் பயின்றோம். பட்டறையிலோ ஒவ்வொன்றும் ஒரு பழுதின் பெயர். மேல்மூடியின் அடியில் சீராக எழும் டிக்டிக் என்பது வால்வு இடைவெளி மிகுந்ததைக் காட்டும். காலையில் இயக்கியவுடன் கிறீச்சிட்டு அடங்குவது பெல்ட்டின் தளர்ச்சி. ஏறுங்கால் மட்டும் எழும் உஸ் என்பது, டர்போவினின்று காற்றுச் செல்லும் குழாயின் கசிவாகலாம். படபட என அடிவயிற்றிற் கேட்பது சைலன்சரின் ஓட்டை. அதனைப் பொறுத்துக்கொள்ளலாகாது, புகை உள்ளே புகுமாதலின். சூடேறிய பின்னும் ஒரு சிலிண்டர் மட்டும் தனித்துச் சம்மட்டியடித்தால் இஞ்செக்டரைச் சோதிக்க வேண்டும். இவற்றைப் பிரித்துணர்ந்து சொல்லத் தெரிந்தவரிடம் பட்டறைக்காரர் வீண்செலவு வைப்பதில்லை என்பது சிற்றப்பாவின் கூற்று. இப்பொழுது அவர்க்கு டிக்டிக் கேட்பதில்லை. ஆகலின் மாதமொருமுறை அவர் பிள்ளைகளுள் ஒருவர் அருகிருந்து கேட்டுச் சொல்கின்றனர்.

அரவம் முற்றும் ஒழிதலும் நன்றன்று. மின்வண்டிகள் ஓசையின்றி ஊர்ந்துவந்து கண்ணிலார்க்கும் சிறார்க்கும் இடர் விளைத்தல் கூடுமென்று, ஐரோப்பிய ஒன்றியத்தார் 2019 சூலை முதல் புதுவகை மின்வண்டிகள் 20 கிலோமீட்டர் வேகம் வரையில் செயற்கையாக ஒலியெழுப்ப வேண்டுமென விதித்தனர். மலைவளைவில் எதிர்வரும் வண்டியை அறிவிப்பதும் ஒலியே. ஆயினும் அதற்கு ஹாரன் ஒருமுறை போதும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அளவும் அமைதிப் பகுதியாக வகுக்க 2000 ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இடந்தருகின்றன. அங்குப் பகலில் 50 டெசிபலும் இரவில் 40 டெசிபலுமே எல்லை. எம் கல்லூரி வாயிலில் நின்று கேட்பார் இவ்விதி எத்துணைப் போற்றப்படுகின்றதென்று தாமே அறிவர்.

எம் குடும்பத்தார் தேர்ந்தது நான்கு சிலிண்டரும் தகட்டுக் கூரையும் உடைய வண்டி. விலை கூடுதலாயினும், நாளும் ஆறு மணிநேரம் அதனுள் இருப்பார் செவியைக் கருத அது கூடுதலன்று என்பதே எம் துணிபு. வண்டி ஆவணியில் வரவிருக்கின்றது. கதவு ரப்பருக்கும் தரையில் ஒட்டும் தார்த்தகட்டுக்கும் வேண்டிய தொகையை, அகன்ற டயருக்கென ஒதுக்கிய தொகையினின்றும் எடுத்துக்கொள்ள, சிற்றப்பாவின் மூத்த மகனாராகிய எம் அண்ணன் இசைந்துள்ளனர். ஹாரன் பற்றிய பேச்சு மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.